ஐந்து பிரதிகளோடு வலியசாலைக்கு: மோதாத கேலக்ஸிகளால் பாழான ஒரு நாள்

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, அணை, மலைக்கோயில் என்றுதான் எழுதுவேன். பகுதிநேர ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு மூன்று பேர், "நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் கைடைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்ப முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். முடியும். போன மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை நான் போய்த் திரும்பினேன். நேரம், கட்டணம் எல்லாம் கீழே சரியாகக் கொடுத்திருக்கிறேன். போன காரியம் மட்டும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சந்தோஷமான முடிவை எதிர்பார்த்து யாரும் கடைசி வரை வாசித்து ஏமாற வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நாகர்கோவில் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வயது நாற்பத்தொன்று. எட்டு வருடமாகக் கேரளத்தில் பதிவு செய்து பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆராய்ச்சி. மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கடிதத்தில், இதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிதான் கெடு. பட்டம் இல்லாதவர்களுக்கு மே மாதம் வேலை நீட்டிக்கப்படாது என்று எங்கள் கல்லூரியும் சொல்லிவிட்டது. ஆகவே அந்த ஒரு நாளில் என் பிழைப்பு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

காலை 5.45-க்கு வடசேரி நிலையத்தில் கேரள அரசுப் பேருந்து. கட்டணம் 92 ரூபாய், தூரம் சுமார் 67 கிலோமீட்டர். களியக்காவிளையில் பத்து நிமிடம் நின்றது. பாலராமபுரத்தில் நெரிசல். தம்பானூரில் இறங்கும்போது 8.10. இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வெயில் படாது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பானூரிலிருந்து பழவங்காடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பதினான்கு நிமிடம் நடந்தேன். தோளில் காலிகோ அட்டை போட்ட ஐந்து பிரதிகள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். எனக்கு அவ்வளவாகப் பக்தி கிடையாது. ஆனாலும் எட்டு வருடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கணபதி கோயிலைத் தாண்டிப் போகத் தைரியம் வரவில்லை. நாற்பது ரூபாய்க்கு ஒரு தேங்காய் வாங்கி உடைத்தேன். பக்கத்து ஓட்டலில் ஆப்பம், கடலைக் கறி, சாயா, எல்லாம் சேர்த்து 75 ரூபாய். ஆப்பம் நன்றாக இருந்தது.

அங்கிருந்து வலியசாலைக்கு ஆட்டோ, 30 ரூபாய். பை கனமில்லாவிட்டால் சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தே போய்விடலாம்.

"எங்ஙோட்டா சேச்சி?" என்றார் ஓட்டுநர்.

"வலியசாலை கோயில் பக்கம் போணும்."

"நம்ம ஊரு பாஷையில்லா பேசுதீய! நான் குழித்துறைக்காரனாக்கும். இங்க வந்து பதினாறு வருஷமாச்சு. பையில என்ன, இவ்வளவு பாரம்?"

"புஸ்தகம் அண்ணே. நான் எழுதினது. ஆராய்ச்சி."

"கொள்ளாமே! என்னத்தப் பத்தி?"

"நட்சத்திரக் கூட்டங்க ஒண்ணோட ஒண்ணு மோதிச் சேருறதப் பத்தி."

"அப்போ வல்லிய ஆளுதான்" என்று சொல்லி, முப்பது ரூபாய்க்குச் சரியாகச் சில்லறை வாங்கிக்கொண்டார். எனக்குக் கூச்சமும் பெருமையுமாக இருந்தது. அன்றைக்குப் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டோக்காரரிடம் சொன்னதை உங்களுக்கும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. நம் சூரியன் இருப்பது போன்ற நட்சத்திரக் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி. சில இடங்களில் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஒரே கொத்தாக நெருங்கிக் கிடக்கும். இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுத்து, கிழித்து, கடைசியில் ஒரே கேலக்ஸியாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு. அடர்ந்த கொத்துகளுக்குள் இது எத்தனை அடிக்கடி நடக்கிறது? இதுதான் என் கேள்வி. அடிக்கடி நடக்கிறது என்பது என் பதில். இடம் நெருக்கமானால் மோதல் கூடத்தானே வேண்டும்? ஐந்து அத்தியாயம் எழுதி அதை நிறுவியிருந்தேன்.

வேலை செய்த முறையும் எளிதுதான். தொலைநோக்கிப் படங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடிகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஓர் எழுத்து போடுவேன். சேர்கிறது என்றால் 'சே', இல்லை என்றால் 'இ', சந்தேகம் என்றால் 'ச'. கண் ஏமாற்றுகிறதா என்று பார்க்க, அதே படத்தை இடம் வலம் திருப்பி, வேறு எண் கொடுத்து, நடுவில் செருகி வைப்போம். இரண்டு முறையும் ஒரே எழுத்து போட்டால் நம்பகமான கண். என் கண் மிக நம்பகமானது என்று பெயர் வாங்கியிருந்தேன். காலையில் பால் காயும் நேரம், விடைத்தாள் திருத்தி முடித்த நேரம், மகனுக்குக் காய்ச்சல் அடித்த நேரம் என்று மூன்று நோட்டு நிறைத்தேன்.

என் கைடு சாரின் வீடு வலியசாலை அக்ரகாரத் தெருவில் இருக்கிறது. என் முதல் கைடு ஓய்வு பெற்றதும் மூன்று வருடம் முன்பு என்னை இவர் தலையில் கட்டினார்கள். என்னைவிட ஐந்து வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்ததால்தான் கல்லூரிக்கு வராமல் வீட்டுக்கு வரச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது 9.20.

"வாங்கோ டீச்சர், வாங்கோ. காப்பி குடிச்சேளோ? ரம்யா, டீச்சர் வந்தாச்சு!"

அவர் மனைவி ரம்யா காப்பி கொண்டுவந்து வைத்தாள். சார் ஒரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு பிரதிக்கு நான்கு இடம். மூன்று பிரதி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு மேலட்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருக்கிற ஜோடிகளிலேயே அழகானது அது. நான் அதற்கு மாப்பிள்ளை பொண்ணு என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஓர் ஒளிப் பாலம், கை கோத்த மாதிரி.

"டீச்சர், வைவாக்கு, எக்ஸாமினர்ஸ்கிட்ட காட்ட, ஒரு படம் பண்ணலாமே. ரெண்டு கேலக்ஸியோட வெளிச்சத்தையும் கம்ப்யூட்டர்ல கழிச்சுட்டா அந்தப் பாலம் மாத்திரம் தனியா நிக்கும். பாக்கறவா அசந்து போவா."

"பண்ணுங்க சார்" என்றேன். அவர் மடிக்கணினியை எடுத்தார். மீதி இரண்டு பிரதி மேசையில் கிடந்தது.

செய்வது இதுதான். ஒவ்வொரு கேலக்ஸியும் யாரும் தொடாமல் இருந்தால் எப்படி ஒளிருமோ, அப்படி ஒரு வழவழப்பான மாதிரியைக் கணினி செய்யும். அந்த இரண்டு மாதிரிகளையும் படத்திலிருந்து கழிக்கும். உண்மையிலேயே ஒன்றையொன்று இழுத்திருந்தால் கிழிந்த வால், பிதுங்கிய கரை என்று ஏதாவது மிஞ்ச வேண்டும்.

10.35-க்குத் திரையில் படம் வந்தது. சாம்பல் நிறம். மணலை அள்ளித் தூவியதுபோல் வெறும் புள்ளிகள். பாலம் இல்லை.

"என்ன சார் இது? ஒண்ணையும் காணல்லியே?"

"நான் எங்கேயோ தப்பாக் குடுத்துட்டேன் போலருக்கு. இருங்கோ."

மறுபடி செய்தார். மறுபடி மணல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாலம் எங்கேயும் போகவில்லை, முதலிலிருந்தே அது கிடையாது. இரண்டு டார்ச் ஒளி சுவரில் அருகருகே விழுந்தால் நடுவில் கலந்து பிரகாசமாகத் தெரியும் இல்லையா, அதுதான். ஒரு கேலக்ஸி முன்னால், இன்னொன்று எங்கோ பின்னால். ஓரத்து வெளிச்சம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கூடியிருக்கிறது. படத்தில் ஆழம் தெரியாது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"வேற ஒண்ணு போட்டுப் பாருங்க சார்."

போட்டார். மணல். அடுத்தது, மணல். நான் நோட்டைத் திறந்து எண்ணை வாசிப்பேன், அவர் தட்டுவார், மூன்று நான்கு நிமிடம் காத்திருப்போம், சாம்பல் வரும், நான் சிவப்பு மையால் கோடு போடுவேன். 'சே' போட்டதெல்லாம் அடிபட்டுக்கொண்டே வந்தது. இடம் வலம் திருப்பி வைத்த படத்திலும் அதே தப்பை அதே மாதிரி செய்திருக்கிறேன். இதற்குத்தான் நம்பகமான கண் என்று பெயர்.

வேகம் அளந்திருந்த ஜோடிகள் கொஞ்சம் இருந்தன. அவற்றையும் சார் எடுத்துப் பார்த்தார். நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஒன்றையொன்று கடந்து ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டத்தில் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தவே முடியாது. எல்லாவற்றுக்கும் வேகம் இல்லையே என்பதால், 'வருங்கால ஆய்வுக்குரியது' என்று ஒரே வரியில் அந்த விஷயத்தை ஒதுக்கியிருந்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த வரி நன்றாகத் தெரியும். செய்யச் சோம்பல்படுவதையெல்லாம் அதற்குள்தான் போட்டு மூடுவோம்.

ஒன்றேகால் மணிக்கு ரம்யா சாப்பிடக் கூப்பிட்டாள். மோர்க்குழம்பு, பயத்தங்காய் மெழுக்குபுரட்டி. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாச்சு டீச்சர்?"

"கூட்டமா இருக்குற எடத்துல கேலக்ஸியெல்லாம் நெறைய சேரும்னு எழுதி வச்சிருந்தேன். ஒண்ணும் சேரல்ல."

"அது எப்படிச் சேரும்?" என்றாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "உத்ஸவத்துத் திரக்குல யாராவது நின்னு பேசுவாளோ? ஒருத்தர ஒருத்தர் இடிச்சுண்டு போய்ண்டேதான் இருப்பா. ஆளில்லாத தெருன்னா நின்னு பேசுவா."

அவள் சொன்னது அப்படியே சரி. அடர்ந்த கொத்துக்குள் எல்லாமே தலைதெறிக்க ஓடுகின்றன, அதனால் ஒன்றோடு ஒன்று சேர்வது அபூர்வம். நடுவில் உட்கார்ந்திருக்கும் ராட்சசக் கேலக்ஸி ஒன்று, வேகம் அடங்கி வந்து விழுகிறவற்றை மெல்ல விழுங்கும், அது தனிக் கதை. மற்றபடி சேர்க்கையெல்லாம் கொத்துக்கு வெளியே, நாலைந்தாகப் போகும் சின்னக் கூட்டங்களில்தான். உலகத்தில் வேறு பலருக்கு இது முன்பே தெரியும். நான்தான் என் படங்களில் புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட பிறகு 'ச' போட்ட ஜோடிகளையும் ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் மணல்தான், கொத்தின் வெளி ஓரத்தில் கிடந்த ஒரு ஜோடியைத் தவிர. பார்க்க ரொம்பச் சாதாரணமான ஜோடி, பெயர்கூட வைக்கவில்லை. கழித்த பிறகு திரையில் ஒரு வால் மிஞ்சியது. வளைந்து, நீண்டு, நுனியில் கரைந்துபோன வால்.

"இது நெஜம் டீச்சர்" என்றார் சார்.

இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு நாளாயிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

மணி 2.40. எல்லா ஜோடிக்கும் வேகம் தேடி, கணக்கைப் புதிதாகச் செய்து, முடிவைத் தலைகீழாக மாற்றி எழுத ஒரு வருடமாவது வேண்டும். கையில் இருந்தது ஒரு மணி இருபது நிமிடம். சார் வெகுநேரம் மாவுக்கட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் இன்னிக்கு அந்தப் படம் பண்ணலாம்னு சொல்லாம இருந்திருந்தா?"

"சொல்லிட்டீங்களே சார்."

"பாக்கலைன்னு வச்சுண்டா? என் பேரிலயும் தப்பு இருக்கு. மூணு வருஷமா நானும் இதப் பாத்திருக்கேன். நான் ஒப்பு போட்டுத் தரேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்." மீதி இரண்டு பிரதிகளையும் இழுத்து எட்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வலியசாலையிலிருந்து பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஆட்டோ 70 ரூபாய், இருபது நிமிடம். ஆய்வேடு வாங்கும் ஜன்னலில் எனக்கு முன்னால் நான்கு பேர். வரிசையில் நிற்கும்போதுகூடக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐந்து பிரதியிலும் கையெழுத்து இருக்கிறது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

என்னை நேர்மையின் சின்னமாக்கிப் பின்னூட்டம் எழுதிவிடாதீர்கள். நான் பயந்துதான் பின்வாங்கினேன். வைவாவில் விவரம் தெரிந்த ஒருவர் மேலட்டைப் படத்தைக் காட்டி, "இதைக் கழித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இல்லை என்று பொய் சொல்ல என்னால் ஆகாது. அப்படிச் சொல்லியும், யாரும் பிடிக்காமல் பட்டம் கிடைத்துவிட்டால்? கிளாஸில் நின்று படத்தில் ஆழம் தெரியாது என்று எந்த வாயால் சொல்வேன்? 3.50-க்கு வரிசையைவிட்டு விலகிச் சுவரோரமாக நின்றேன்.

உள்ளே இருந்த அலுவலர் எட்டிப் பார்த்தார். "சேச்சி, நாலு மணிக்கு அடைக்கும், கேட்டோ?"

"தெரியும் சார்."

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த ஜன்னல் சாத்தப்பட்டது. அதுவரை நான் அங்கேயேதான் நின்றேன்.

தம்பானூரிலிருந்து 5.15-க்குப் பேருந்து, அதே 92 ரூபாய். நெய்யாற்றின்கரை தாண்டும்போது வீட்டுக்காரர் போன் செய்தார்.

"குடுத்தாச்சா?"

"இல்ல."

"ஏன், நாளைக்கா?"

"நாளைக்கும் இல்ல. எல்லாம் தப்பாப் போச்சு. வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."

"உக்கார எடம் கெடச்சுதா?" என்றார். கிடைத்தது என்றேன். வடசேரியில் இறங்கும்போது 7.50.

இனி இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு. போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு நானூறு ரூபாய் ஆனது. கெடு நாளன்று போகாதீர்கள், ஒரு வாரம் முன்பே போங்கள். இரண்டாம் சனி விடுமுறை என்பதால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கும் கூட்டம் அதிகம். தம்பானூரில் பொருள் வைக்கும் அறை உண்டு, செங்கல் மாதிரிப் பிரதிகளைச் சுமந்துகொண்டு அலையாதீர்கள். என் துறையிலேயே இருப்பவர் யாராவது இதை வாசித்தால்: முதல் வருடமே, முதல் ஜோடியையே கழித்துப் பாருங்கள். அழகாக இருக்கும் ஜோடியை முதலில் கழியுங்கள். வேகத்தை வருங்கால ஆய்வுக்குத் தள்ளாதீர்கள். வலியசாலைத் தெரு சுத்தமாக, அமைதியாக இருக்கிறது. வேறு எதற்காவது போனால் உங்களுக்குப் பிடிக்கும்.

மறுபடியும் பதிவு செய்யலாமே என்பார்கள். நுழைவுத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். நாற்பத்தொன்றில், வேலையும் இல்லாமல், ஒரே ஒரு வாலை வைத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது? என்னால் முடியாது என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. சார் இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனேன். என் அறைக் கதவில் பளபளவென்று புதுப் பெயர்ப்பலகை. கல்லூரியில் எத்தனை முனைவர்கள் என்று எண்ண அந்த மாதக் கடைசியில் ஒரு கமிட்டி வருவதாக இருந்தது, நான் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று எழுதி மாட்டியிருந்தார்கள். நேராக அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, அதைக் கழற்றச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கமிட்டி போறது வரைக்கும் இருக்கட்டும் மேடம். மே மாசம் எப்படியும் கழத்தத்தானே போறோம்."